சால்னாவுக்கு இட்ட மதிப்பெண்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில் மதுரை நகரின் இரவு யாமம் யாமமாக விரிகின்றது. பகலில் நாளங்காடி, மாலையில் அல்லங்காடி என இருவகைக் கடைத்தெருக்கள் அந்நகரில் விளங்கின. தேன்கூட்டைப்போல் வரிவரியாக அமைந்த மெல்லிய அடையையும் மோதகத்தையும் விற்போர், இரவு முதிர்ந்தபின் தம் பண்டங்களுக்கு அருகிலேயே அமர்ந்தவாறு உறங்கும் காட்சியைப் புலவர் நமக்குக் காட்டுகின்றார். இப்பகுதியை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, வரிவரியாக இருந்தது என்றால் அது பரோட்டாவாக இருக்குமோ?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். சங்க காலத்து மதுரையில் மைதா ஏது? ஆயினும் அந்தக் கேள்வியிலிருந்துதான் இக்கட்டுரைக்குரிய அலைச்சல் தொடங்கிற்று.

பரோட்டா நம் மண்ணின் தொல்லுணவு அன்று. பெயரே வடக்கிலிருந்து வந்தது. ‘பரோட்டா’, ‘புரோட்டா’ என்று கடைக்கொரு வகையாக எழுதப்படும் பலகைகளே அதற்குச் சான்று. சால்னா என்னும் சொல்லும் அத்தகையதே. உருது மொழியில் ‘சாலன்’ என்றால் குழம்பு. அதுவே நம் நாவில் சால்னாவாக நின்றுவிட்டது. வந்த சொற்கள் இரண்டும் மதுரையில் குடியேறியவிதம்தான் வியப்புக்குரியது. மாலை ஆறு மணிக்குமேல் நெல்பேட்டையிலோ கோரிப்பாளையத்திலோ சிம்மக்கல்லிலோ நடந்து பாருங்கள். இரும்புக் கல்லின்மேல் கொத்துப் பரோட்டா கொத்தப்படும் தாளம் ஒரு கடையில் ஓய்வதற்குள் அடுத்த கடையில் தொடங்கிவிடும். மாட்டுத்தாவணியில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர், சந்தையில் மூட்டை இறக்கியவர், இராசாசி மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இரவெல்லாம் விழித்திருப்பவர், விடுதிச் சோறு பிடிக்காத மாணவர் ஆகிய எல்லார்க்கும் அந்த நேரத்தில் வயிற்றுக்கும் மனத்துக்கும் ஆறுதல் தருவது பிய்த்துப்போட்ட இரண்டு பரோட்டாவும் அதன்மேல் ஊற்றிய சால்னாவுமே என்று கூறின் அது மிகையாகாது.

எந்தக் கடைச் சால்னா சிறந்தது என்னும் வழக்கு எம் துறையில் நெடுநாள் வழக்கு. விருதுநகரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் மதுரைப் பரோட்டாவைப் பரோட்டா என்றே ஒப்பமாட்டார். மேலூரிலிருந்து வருபவர் தம் ஊர்ச் சாலையோரக் கடைக்கு ஈடில்லை என்பார். இலக்கியத் திறனாய்வில் அளவுகோல் வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பிப்பவர் நாமே. எனவே இவ்வழக்கிலும் அளவுகோல் ஒன்றை வகுத்துத் தீர்ப்புரைப்போம் என்று துணிந்தோம். பரோட்டாவுக்கு நான்கு, சால்னாவுக்கு நான்கு, உபசரிப்புக்கு இரண்டு, ஆகப் பத்து மதிப்பெண். நம்மோடு மாணவர் நால்வர். வாரம் இருமுறை, ஒரு மாலைக்கு ஒரு கடை. நமக்கு மட்டும், மருத்துவர் சொற்படி, கடைக்கு ஒரு பரோட்டா. திருக்குறளில் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய ‘மருந்து’ பெரிதும் அளவறிந்து உண்பதைப் பற்றியதே என்பதை நம் மாணவர்கள் அப்போதுதான் ஆர்வத்தோடு நினைவூட்டினர்.

முதல் இரண்டு கடைகளிலேயே ஓர் உண்மை விளங்கியது. உண்ணத் தெரிந்த அளவுக்கு நமக்குப் பார்க்கத் தெரியவில்லை. எனவே மூன்றாவது கடையில் இலைமுன் அமராமல் கல்லின் அருகே நின்றோம். மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் பூசி ஊறவைக்கின்றனர். ஊறும் பொழுதைக் குறைத்தால் மாவு இழுத்த இழுப்புக்கு வராமல் சுருங்கிக்கொள்ளும், வீசும்போது கிழியும். நன்கு ஊறிய உருண்டையை மாஸ்டர் பலகையில் தட்டி, இரு கையாலும் பற்றி வீசுகிறார். மூன்றாம் வீச்சில் அது மறுபுறம் தெரியும் அளவுக்கு மெல்லிய துணியாகிவிடுகின்றது. அத்துணியைக் கொசுவி, சுருட்டி, வட்டமாக்கி, மீண்டும் தட்டிக் கல்லில் இடுகின்றார். நாம் காணும் அடுக்கெல்லாம் அந்தக் கொசுவத்தில் பிறந்தவை. வெந்தபின் நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இரு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடிக்கிறார். ஒட்டிக்கிடந்த அடுக்குகள் பூவைப்போல் விரிகின்றன. கல்லிலிருந்து எடுத்த சூடு தணியுமுன்னே அடிக்கவேண்டும். அந்த மாஸ்டர் தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ரேகைகள் தேய்ந்திருந்தன. நம் மாணவர்கள் அன்று குறிப்பேட்டில் ஒன்றும் எழுதவில்லை.

சால்னாவின் கதை வேறு. வெங்காயம், தக்காளி, தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை, கிராம்பு, கல்பாசி ஆகியவை எல்லார்க்கும் பொது. எலும்பு வெந்த நீர் சேர்ந்தால் அதன் தன்மையே மாறும். கறித்துண்டு எதுவுமின்றி ஊற்றப்படும் சால்னாவை இங்கே ‘எம்ப்டி சால்னா’ என்பர். வெறுமை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை இத்துணைச் சுவையுள்ள பொருளுக்கு வைத்தவர் யாரோ, அறியோம். பரோட்டாவுக்குத்தான் விலை, சால்னா கேட்கக் கேட்க வரும். கையில் உள்ள காசு இரண்டு பரோட்டாவுக்கு மட்டுமே போதும் என்பவர், அந்த இரண்டைக் கொண்டே ஓர் உணவை நிறைவுசெய்துகொள்வது இந்த ஏற்பாட்டினால்தான். ஆகவே வாளி எத்தனை முறை வருகின்றது என்பதும் உபசரிப்பின் கீழ் எண்ணப்படவேண்டும் என்று மேலூர் மாணவர் வற்புறுத்தினார். அதை ஏற்றோம்.

அலைந்த கடைகளைப் பற்றி விரிப்பின் பெருகும். ஆவின் சந்திப்புப் பக்கம் பெயர்பெற்ற பன் பரோட்டா, கையகலத்தில் தடித்து, மெத்தென்று சால்னாவைக் குடித்துக் கிடக்கும். அடுக்கை எண்ணுவோர்க்கு ஏமாற்றம், பல் இல்லாதவர்க்கு வரம். ஒரு மாலை இரயிலேறி விருதுநகருக்கே சென்றோம். அங்கே பரோட்டா எண்ணெயில் மூழ்கிப் பொரிந்து மொறுமொறுவென்று வருகின்றது. அதை நொறுக்கிச் சால்னாவில் நனைத்து, மொறுமொறுப்பு முற்றும் அடங்குமுன் உண்ணவேண்டும். விருதுநகர் மாணவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை அன்று நாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் மலேசியாவில் நடத்தும் உணவகங்களுக்கு ‘மாமாக்’ கடை என்றே பெயர். நம் ‘மாமா’தான் அங்கே அவ்வாறு திரிந்தார். அங்கே ‘ரொட்டி சானாய்’ எனப்படுவது நம் பரோட்டாவின் உடன்பிறப்பு. அதையும் உள்ளடக்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை 2024-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கேயோ, 2020-இல் கர்நாடக வரி ஆணையம் ஒன்று, பொட்டலத்தில் விற்கும் பரோட்டா ரொட்டி இனத்தைச் சாராது என்று கூறிப் பதினெட்டு விழுக்காடு வரி விதிக்கலாம் என்றது. 2025 செப்டம்பரில்தான் அவ்வரி நீங்கிற்று. 2009-இல் வெளிவந்த ‘வெண்ணிலா கபடிக் குழு’ படத்தில் பரோட்டா தின்னும் பந்தயக் காட்சியால் புகழடைந்த நடிகர் சூரி மதுரையை அடுத்த இராஜாக்கூரைச் சேர்ந்தவர் என்பதை எம் மாணவர்கள் கடைக்குக் கடை சொல்லிப் பெருமைப்பட்டனர்.

பன்னிரண்டு கடைகள் முடிந்ததும் பட்டியல் ஆயத்தமாயிற்று. துறையின் சுவரிதழில் அதை வண்ண மையால் எழுதி ஒட்டினோம். முதலிடம் முதல் கடைசியிடம் வரை கடைப்பெயரோடு. கடைசியிடம் பத்துக்கு மூன்று. அதன் எதிரே ஒரு மாணவர், ‘பரோட்டா அன்று, செருப்புத் தோல்’ என்று எழுதியிருந்தார். உவமை பொருத்தமாக இருக்கின்றதே என்று நாம் அதைத் திருத்தாமல் விட்டோம். இதை எழுதும் இப்போதும் கை கூசுகின்றது.

அந்தக் கடை கல்லூரிக்கு அருகில் உள்ள சிறிய கடை. ஆறு மேசை. விடுதி மாணவர்களை நம்பியே மாலை வியாபாரம். பட்டியல் ஒட்டிய இரண்டாம் வாரம், ஒரு மாலை அவ்வழியே சென்றபோது கடைக்கார முதியவர் வாசலில் நின்றிருந்தார். உள்ளே ஒருவரும் இல்லை. பலகையின்மேல் எண்ணெய் பூசிய உருண்டைகள் ஈரத்துணியின்கீழ் வரிசையாக இருந்தன. அவர் நம்மிடம் சினந்து பேசவில்லை.

“சார், பிள்ளைங்க ஏதோ எழுதி ஒட்டியிருக்காங்களாமே. என்ன குறைன்னு சொன்னா திருத்திக்கலாம்” என்றார்.

நாம் தடுமாறி, பரோட்டா இழுபட்டதையும் அடுக்கு விரியாததையும் சொன்னோம். எந்த நாள் என்று கேட்டார். சொன்னோம்.

“அன்னைக்கு மாஸ்டரு ஊர்ல ஒரு மௌத்துக்குப் போயிட்டாரு. நான்தான் வீசினேன். டீ ஆத்துற கை சார் இது. அதான் வாசல்லயே சொன்னேனே, இன்னைக்குப் பரோட்டா சரியா வராது, தோசை சாப்பிடுங்கன்னு.”

சொல்லியிருந்தார். அவர் சொன்னதும் நமக்கு நன்றாக நினைவுக்கு வந்தது. “பரோட்டாவுக்கு மதிப்பெண் போட வந்திருக்கிறோம், தோசை எதற்கு?” என்று நாம்தான் சொல்லியிருந்தோம்.

மறுநாள் கல்லூரிக்கு அவ்வப்போது வந்துபோகும் பெரியவர் ஒருவர் சுவரிதழின்முன் நின்று படித்துக்கொண்டிருந்தார். கல்லூரி வளர்ந்த கதையெல்லாம் அறிந்தவர். நம்மைத் தம்பி என்றழைக்கும் உரிமை உள்ளவர். “தம்பி, கையெழுத்து அழகா இருக்கு” என்றார் முதலில். பின்னர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறைகூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவித்த செய்தியை மெல்லிய குரலில் நினைவூட்டினார். நாம் அறியாத செய்தி அன்று. மேடையில் நாமே கூறியிருக்கின்றோம்.

ஆயினும் ஆசிரியப் புத்தி எளிதில் அடங்குமா? விருந்தாக வைத்த உணவு வேறு, விலைக்கு விற்கும் உணவு வேறு என்று வாதிட்டோம். அதற்கு ஆதாரமாக வேறொரு நிகழ்ச்சியையும் எடுத்துரைத்தோம். கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் காணுமாறு நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவி, ஏமாற்றுபவரைக் கடிந்தார்கள். ஆகவே விற்கும் பொருளைச் சோதிப்பது முறைதானே என்றோம்.

பெரியவர் சிறிது நேரம் நம்மைப் பார்த்தார். “அந்தக் கடைக்காரர் நனைஞ்சதை எங்கே வச்சிருந்தார், தம்பி?” என்று கேட்டார். முந்திய மாலை நடந்ததை மாணவர்கள் வாயிலாக அவர் முன்பே கேட்டிருந்தார் போலும். நம்மிடம் மறுமொழி இல்லை.

பட்டியலை அன்றே அகற்றினோம். இக்கட்டுரையில் கடைகளின் பெயரோ வரிசையோ இல்லாமைக்குக் காரணம் இதுவே. ஆனால் தாளைக் கிழித்துவிட்டால் சொல் கிழிந்துவிடுவதில்லை. செருப்புத் தோல் என்னும் உவமை வகுப்புக்கு வகுப்பு பரவியிருந்தது. உவமையை எழுதிய மாணவர் தாமாகவே அக்கடைக்குச் சென்று முதியவரிடம் வருத்தம் தெரிவித்தார். அவர் தேநீர் ஆற்றிக் கொடுத்து அனுப்பினாராம், காசு வாங்கவில்லையாம். அடுத்த மாதம் முழுவதும் நாம் வாரந்தோறும் மாணவரை மாற்றி மாற்றி அழைத்துச் சென்றோம். விடுதிப் பிள்ளைகளின் கால்கள் பழைய வழிக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. முன்பிருந்த கூட்டம் முழுதும் இன்னும் வரவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. நேற்றைய சால்னாவைச் சூடாக்கி இன்றையது என்று ஊற்றிய கடை ஒன்றையும் நாம் கண்டோம். கேட்டபோது, புதிதாக வைத்தது என்று சாதித்தனர். அதைக் கண்டும் காணாமல் இருப்பது நாவடக்கம் ஆகாது. அக்கடைக்காரரிடமே தனியாகச் சென்று சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார், திருத்தினாரா என்று பார்க்க இன்னொருமுறை செல்லவேண்டும்.

சென்ற வியாழக்கிழமை மாலை ஆறு மேசைக் கடைக்குச் சென்றோம். மாஸ்டர் இருந்தார். நான்கு பரோட்டாக்களை அடுக்கி அவர் அடித்த ஓசையிலேயே விருதுநகர் மாணவரின் முகம் மாறிற்று. ஐந்து உண்டார். உண்டு கைகழுவியபின், எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு அடுத்தபடியாக இதைச் சொல்லலாம் என்றார். முதியவர் வாளியோடு நம் இலைக்கு வந்தார்.

“இன்னைக்கு எவ்வளவு சார் மார்க்கு?”

நாம் சொல்லெடுப்பதற்குள் கரண்டி சாய்ந்துவிட்டது. மருத்துவர் சொன்ன கணக்கு ஒன்று. அன்று நம் இலையில் இரண்டாவது பரோட்டா ஊறிக்கொண்டிருந்தது.