எரியறது ஒரு கால் மட்டும்தானா?

1/ சுகர் இருக்கிறவங்களுக்குப் பாதம் எரிஞ்சா "சுகர் நரம்பைப் பிடிச்சிருச்சு"ன்னு முடிவு பண்ணிடுவோம். நீங்க மட்டுமில்ல, டாக்டர்களும்தான். நானே அப்படி ஒரு தப்பு பண்ணேன். அந்தக் கதை இது.

2/ புதுச்சேரி பெரிய மார்க்கெட்ல மீன் விக்கிற அக்கா. பல வருஷமா சுகர். "வலது பாதம் திகுதிகுன்னு எரியுது டாக்டரே, தூங்க முடியல." ரிப்போர்ட்டைப் பார்த்தேன், நரம்பு மாத்திரை எழுதினேன். மூணு மாசம் டோஸைக் கூட்டியும் எரிச்சல் குறையல.

3/ கடைசியில அவங்கதான் கேட்டாங்க: "சுகர் ஒடம்பு முழுக்கத்தானே இருக்கு? இந்தக் கால் மட்டும் ஏன் எரியுது?" எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் வரும். விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும்.

4/ அன்னைக்குத்தான் செருப்பைக் கழட்டச் சொன்னேன். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி விரலால தட்டினேன். உள்ளங்கால் வரைக்கும் ஷாக் அடிச்ச மாதிரி துள்ளினாங்க. அங்கே ஒரு குறுகலான பாதை இருக்கு: டார்சல் டனல். தசைநாண்கள், ரத்தக்குழாய், உள்ளங்கால் நரம்பு எல்லாம் அதுக்குள்ளதான் போயாகணும்.

5/ எம்.ஆர்.ஐ.ல அந்தப் பாதைக்குள்ள கூடுதலா ஒரு தசை. ஃப்ளெக்ஸர் டிஜிட்டோரம் அக்சஸோரியஸ் லாங்கஸ்னு பேரு. பிறவியிலேயே சிலருக்கு இருக்கும். பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. இவங்களுக்கு நரம்பை நெருக்கியிருக்கு. சுகர் இருந்தா நரம்பு அந்த நெருக்கலைத் தாங்காது.

6/ புத்தகத்துல இருக்கிற கால் எல்லாருக்கும் இருக்காது. கெண்டைக்கால்ல பிளான்டாரிஸ்னு ஒரு சின்ன தசை. சுமார் 10 பேர்ல ஒருத்தருக்கு அது கிடையாது. அதோட நாணை எடுத்துக் கையில அறுந்த நாணுக்குப் பதிலா வைக்கிற சர்ஜன், திறந்து பார்த்தா அங்க ஒண்ணும் இருக்காது! சிலருக்குக் குதிகால் நாண் பக்கத்துல சோலியஸ் தசை கூடுதலா இருந்து, கட்டி மாதிரி பயமுறுத்தும்.

7/ ஆபரேஷன்ல அந்தத் தசையை எடுத்தாங்க. எரிச்சல் நல்லா குறைஞ்சிருச்சு. மன்னிப்பு கேட்டேன். "மொதல்லயே செருப்பைக் கழட்டச் சொல்லியிருக்கலாம்ல டாக்டரே"ன்னாங்க. பதில் இல்ல.

8/ ஒரு கால் மட்டும் எரிஞ்சா, மரத்தா, அதை டாக்டர்கிட்ட அழுத்திச் சொல்லுங்க. காரணம் கணுக்கால்ல இருக்கலாம், முதுகுலயும் இருக்கலாம். சுகர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அவர் கேக்கலைன்னாலும் செருப்பைக் கழட்டிக் காலைக் காட்டுங்க.