உப்புத் தண்ணி ஊரில் ஒரு சினை மீன்

சிவகாசியில் தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர் என்று கேட்பார்கள். நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? நல்ல தண்ணி வெம்பக்கோட்டை அணையிலிருந்தும், மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகத் தாமிரபரணியிலிருந்தும் வருகிறது. குழாயில் வருகிற நாளில் தெருவே விழித்துக்கொள்ளும். வாசலில் குடங்கள் வரிசை கட்டும். உப்புத் தண்ணி போர்வெல்லில் கிடைப்பது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அதுதான்.

மழை குறைவான இந்த வறண்ட காற்றுதான் 1920-களில் தீப்பெட்டித் தொழிலை இங்கே ஊன்ற வைத்தது. பின்னாலேயே பட்டாசும் வந்தது. குச்சியும் மருந்தும் சீக்கிரம் காய்கிற ஊரில் தண்ணீரை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது கொஞ்சம் தைரியமான காரியம்தான். ஆனாலும் வளர்க்கிறார்கள். பிள்ளைகள் முதலில் கேட்பது பெரும்பாலும் கப்பி, மோலி, பிளாட்டி வகைகளைத்தான். விலை குறைவு. அதைவிடப் பெரிய காரணம், இவை முட்டையிடாமல் குட்டி போடும்.

இந்த ஊர்ப் பக்கம் கப்பி புதிதல்ல. கொசுப் புழுவைத் தின்னும் என்பதால் கப்பியையும் அதன் உறவான கம்பூசியாவையும் சுகாதாரத் துறையினர் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடுவது பல ஆண்டுப் பழக்கம். கம்பூசியா 1928-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. கடையில் வாங்குகிற பல வண்ணக் கப்பி அதே குடும்பத்தின் அலங்காரப் பிள்ளை. தமிழ்நாட்டில் வண்ணமீன் வளர்ப்புக்குப் பேர்போன இடம் சென்னை கொளத்தூர். அங்கே பல குடும்பங்களுக்கு இதுவே பிழைப்பு.

பெண் கப்பியின் வயிற்றுக்குப் பின்பக்கம் ஒரு கரும்புள்ளி இருக்கும். சினை முற்ற முற்ற அது பெரிதாகி, வயிறு பெட்டி போலச் சதுரமாகும். மூன்றிலிருந்து நான்கு வாரத்தில் குட்டி போடும். ஒரு தடவை ஆண் மீனோடு சேர்ந்தால், அந்த விந்தைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் அடுத்தடுத்து ஈனும். கடையிலிருந்து தனியாக வந்த மீன் குட்டி போட்டதும் வீட்டில் எல்லோரும் ஆச்சரியப்படுவது இதனால்தான்.

விபத்து நடப்பதும் இந்தச் சமயத்தில்தான். மீன் சினையாக இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் பாசம் பொங்கும். பாவம், அதற்குப் போய் உப்புத் தண்ணியா? அன்றைக்குப் பார்த்து நல்ல தண்ணி வரும். அம்மாவிடம் கெஞ்சி ஒரு குடம் வாங்கி, பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். மறுநாள் காலையில் மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கும். முற்றாத குட்டிகளை உதிர்த்திருக்கும், அல்லது செத்துப்போயிருக்கும். தண்ணீரில் குளோரின் இருந்தது ஒரு காரணம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: மீனுக்கு உப்புத் தண்ணி கெடுதலே இல்லை.

கப்பி, மோலி, பிளாட்டி, சோர்டு டெயில் நான்கும் சுண்ணாம்பும் தாதுவும் கலந்த கடினத் தண்ணீரை விரும்புகிறவை. குளோரின் இல்லாத மழைத் தண்ணீர் போன்ற மென்னீரில்தான் மோலி சோர்ந்துபோகும். கடினத் தண்ணீரில் இன்னொரு வசதியும் உண்டு. அதிலுள்ள கார்பனேட், அமில காரத் தன்மையை லேசில் ஏறி இறங்க விடாது. துணி வெளுக்காது, பருப்பு வேகாது என்று ஊரே திட்டுகிற தண்ணீர், இந்த மீனுக்குச் சொந்த ஊர் மாதிரி.

ஆபத்து தண்ணீர் மாறுவதில் இருக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள நீரின் உப்புக்கு ஏற்ப, மீன் தன் உடம்பின் உப்பைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் சுற்றிலும் எல்லாம் மாறினால் அந்த வேலை தடுமாறும். வயிற்றிலுள்ள குஞ்சுகளுக்கும் ஆக்சிஜன் தாயின் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும்; தாய் திணறினால் அவையும் திணறும். இந்த மாவட்டத்து வீடுகளில் தண்ணீர் நாளுக்கொரு விதம்: திங்கள்கிழமை போர்வெல், வியாழக்கிழமை குழாய், இடையில் லாரி, அவசரத்துக்குக் கேன். கைக்கு வந்ததை ஊற்றினால் தொட்டிக்குள் வாரம் இரண்டு முறை ஊர் மாறும்.

ஆகவே ஒரு தண்ணீரில் நிற்பதுதான் வழி. போர்வெல் என்றால் போர்வெல். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால் வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்து, முடிந்தால் காற்றுக் குழாய் போட்டு, பிறகு ஊற்றலாம். குழாய்த் தண்ணீரே கதி என்றால் அதையும் திறந்த வாளியில் ஒரு நாள் விட்டுவிட வேண்டும், அல்லது மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும். வாரம் ஒருமுறை, தொட்டியில் கால்வாசிக்கு மேல் மாற்றாமல் இருந்தால் போதும். குடிதண்ணீரை மீனுக்குக் கொட்டுகிறாயே என்கிற சண்டையும் வீட்டில் குறையும்.

வெயில் காலத்தில் வேறொரு கணக்கு வரும். சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் விறுவிறுவென்று வற்றும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அடியிலேயே தங்கிவிடும். வற்றிய அளவுக்கு மறுபடி மறுபடி உப்புத் தண்ணியையே ஊற்றினால், மாதக் கடைசியில் தொட்டி குட்டிக் கடலாகும். வற்றியதை ஈடுகட்ட மட்டும் ஒரு செம்பு ஆர்.ஓ. கேன் தண்ணீர் சரி. வாராந்திர மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீர்தான். இந்த இரண்டும் வேறு வேறு வேலை என்பது பிடிபட்டுவிட்டால் பாதி மீன் பிழைக்கும். சந்தேகம் இருந்தால் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது, ஆர்.ஓ. மிஷின் பழுது பார்க்க வருகிறவர்கள் பையில் வைத்திருக்கும் பேனா போன்ற கருவிதான் அது.

மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து மதியம் பிடிக்கிற தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதிக்கும். அதை நேராக ஊற்றக் கூடாது. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் விஷமும் கூடும். கடினத் தண்ணீரில் இது இன்னும் கடுமை என்பதால், சினை மீன்தானே என்று இரையை அள்ளிப் போடவும் கூடாது. 24 முதல் 28 டிகிரி வரை கப்பிக்கு இதம். தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளி வைத்து, தண்ணீரை அதிகாலையில் மாற்றுவது நல்லது.

பட்டாசு ஆலையிலிருந்து திரும்பிய கையோடு தொட்டியைத் தொடவும் கூடாது. நகக்கண்ணில் தங்கும் அலுமினியப் பொடியும் மருந்தும் சின்னத் தொட்டிக்குப் பெரிய விஷயம். முழங்கை வரை கழுவி, சோப்பு நுரை போக அலசிய பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

நாள் நெருங்கிவிட்டால் மீனை வலையில் பிடித்துப் பெட்டிக்கு மாற்றுவதைவிட, அது இருக்கிற தொட்டியிலேயே வேலம்பாசியை அடர்த்தியாகப் போட்டுவிடுவது மேல். தாய்க்குத் தன் குட்டி என்று தெரியாது, பசித்தால் தின்றுவிடும். பாசிக்குள் புகுந்தவை தப்பும். ஒரு ஈற்றில் இருபதும் இருக்கும், ஐம்பதும் இருக்கும். கண்ணும் வாலுமாக, சீரகம் அளவுகூட இராது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவை ஊசி முனையில் தொட்டுக் கரைத்துவிட்டால் அன்றைக்கு அதுவே விருந்து.