மூலப்பிரதியும் துருவும்

மரினெட்டியின் எதிர்காலவாதப் பிரகடனம் 1909 பிப்ரவரி 20 அன்று பாரிஸின் லெ ஃபிகாரோ நாளிதழில் வெளிவந்தது. உறுமிக்கொண்டு ஓடும் மோட்டார் கார் கிரேக்கச் சிற்பத்தைவிட அழகானது என்றும், மியூசியங்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொன்ன பிரகடனம் அது. நவீனத்துவம் பற்றிய பேச்சில் இவ்விரண்டையும் ஒரே கருத்தின் இரு பக்கங்களாகப் பார்த்துப் பழகிவிட்டோம். இரண்டுக்கும் இடையே இருந்த முரண் வெளியே தெரியக் காலம் பிடித்தது. இன்று இத்தாலியில் மிகுந்த பயபக்தியோடு கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கப்படும் பொருள்களில் ஒன்று மோட்டார் கார். டூரினில் அதற்கென்றே ஒரு தேசிய மியூசியம் இருக்கிறது.

இது எனக்கு வெறும் தத்துவப் பிரச்னை அல்ல. என்னிடம் அப்படியொரு கார் இருக்கிறது. 1971ஆம் வருஷத்து லான்சியா ஃபுல்வியா கூபே. பதினொரு வருஷமாக டூரினில் ஒரு வாடகைக் கொட்டகையில் நிற்கிறது. நிற்காத நாள்களில் ஓடுகிறது. அதை என்ன செய்வது என்ற கேள்வி இந்த வருஷம் வந்துவிட்டது. இலக்கியத்தில் பாடம், பதிப்பு, மூலம் என்று நாம் சண்டையிடும் விஷயங்களுக்கு மிக அருகில் இருக்கும் கேள்வி என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம்மூரில் இத்தாலியக் கார் என்றால் பம்பாயில் உரிமம் பெற்றுத் தயாரான ஃபியட் 1100தான்; பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறி ஓடியது. அது குடும்ப வண்டி. நான் சொல்வது வேறு ஜாதி. கிரான் துரீஸ்மோ என்பது, யோசித்துப் பார்த்தால், ஒரு வடிவத்தின் பெயர். இரண்டு பேர், அவர்களின் பெட்டிகள், மூடிய கூரை, ஆல்ப்ஸைக் கடந்து மறுபக்கம் களைப்பில்லாமல் போய்ச்சேரப் போதுமான வேகம். இவ்வளவுதான் இலக்கணம். இந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டு யுத்தத்துக்குப் பிந்தைய இத்தாலி செய்து காட்டியது அதிகம். 1951இல் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் எட்டுக் கார்களைக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தபோது, பினின்ஃபரினா உடல் செய்த சிசிதாலியா 202 அவற்றில் ஒன்று. அதே 1951இல் லான்சியா ஆரேலியா பி20 வெளிவந்தது. வரிசை உற்பத்திக்கு வந்த முதல் வி-6 என்ஜின் ஆரேலியாவினுடையது; கியர்பாக்ஸைப் பின்சக்கரங்களிடம் கொண்டுபோய் எடையைச் சமமாகப் பங்கிட்டிருந்தார்கள். அந்த வருஷ மில்லே மிலியா பந்தயத்தில், இரண்டு லிட்டர் கொள்ளளவை வைத்துக்கொண்டு, அதனிலும் இரட்டிப்புப் பெரிய ஃபெராரிக்கு அடுத்ததாக இரண்டாவது வந்தது. அழகு என்பது மேலே பூசப்பட்ட அலங்காரமாக இல்லாமல், உள்ளே நடந்த சிந்தனையின் வெளிக்கோடாக இருந்த காலம்.

ஆனால் அந்த அழகின் செய்முறையிலேயே அழிவும் இருந்தது. மிலானின் டூரிங் என்ற உடல்கட்டும் பட்டறை 1930களில் ‘சூப்பர்லெஜெரா’ என்றொரு முறையைக் கொண்டுவந்தது. மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்து ஓர் எலும்புக்கூடு. அதன்மேல் கையால் அடித்து வளைத்த அலுமினியத் தகடு. எடையே இல்லாத தோல். ஆனால் எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி வினை தொடங்கிவிடும். அலுமினியம் தன்னைத்தானே தின்னும். வெளியே பெயிண்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே வெள்ளைப் பொடி உதிரும். முழு எஃகு உடல்களுக்குத் துரு. இவை நிற்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓடித் தேய்ந்து, பிறகு இல்லாமல் போவதற்காகச் செய்யப்பட்டவை. சேகரிப்பவன் அந்த விதியைத் தடுத்து நிறுத்துகிறவன்.

எந்த நிலையில் நிறுத்துவது என்பதில்தான் வம்பு. சேகரிப்பு உலகம் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லின் மேல் நிற்கிறது. சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்த வேண்டும். பெயிண்ட் அந்த வருஷத்து நிறப்பட்டியலில் இருக்க வேண்டும். இதன் உச்சம் ஃபெராரி 250 ஜிடிஓ. போட்டிக்குத் தகுதி பெற நூறு கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. 1962 முதல் 1964 வரை செய்தது 36. முந்தைய மாதிரியின் தொடர்ச்சிதான் இது என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். அவற்றில் ஒன்று 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போயிற்று. 2019இல் போலோஞா நீதிமன்றம் இந்தக் காரைக் கலைப்படைப்பு என்றே ஏற்று, அதைப் பிரதி செய்வதற்குத் தடை விதித்தது. மரினெட்டி கேட்டது நூற்றுப்பத்து வருஷம் கழித்து, ஒரு நீதிபதியின் கையெழுத்தோடு, கிடைத்துவிட்டது. கூடவே ஒரு சிறு விஷயம். 2018இல் விற்ற அந்தக் குறிப்பிட்ட கார் 1962இல் பிறந்தபோது அணிந்திருந்த உடல் அதன்மேல் இல்லை. 1964இலேயே புதிய வடிவத்தில் வேறு உடல் மாட்டப்பட்டுவிட்டது. பந்தயத்தில் ஜெயிக்க நினைத்தவர்களுக்கு ‘மூலம்’ என்ற எண்ணமே இருந்திருக்காது. போன வருஷத்துத் தோல் மெதுவாக இருந்தால் கழற்றிப் போட வேண்டியதுதான். மூலம் என்பது, பொருள் உயிரோடு இருக்கையில் அல்ல, அது நின்றுவிட்ட பிறகு மற்றவர்கள் கண்டுபிடிப்பது.

என் காருக்கு வருகிறேன். கிரான் துரீஸ்மோ வம்சத்தில் ஃபுல்வியா ஏழை உறவு. ஆயிரத்து முன்னூறு சிசிக்குச் சற்றுக் குறைவான கொள்ளளவு, 90 குதிரைசக்தி. நான்கு சிலிண்டர்கள், பதின்மூன்று டிகிரிகூட இல்லாத மிகக் குறுகலான வி-வடிவில், ஒரே சிலிண்டர் தலைக்குள் அடங்கியிருக்கும். இந்தக் குறுகல் கோணம் 1922இன் லாம்ப்டா காலத்திலிருந்து அந்தக் கம்பெனியின் பிடிவாதம். உடலை வரைந்தவர் பியேரோ காஸ்தாஞேரோ. ஜன்னல் தூண்கள் விரல் கனத்துக்குத்தான் இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் ஒரு கண்ணாடிக் கூண்டு. 1972இல் மோந்தே கார்லோ ராலியில், தன்னைவிட மிக பலசாலியான வண்டிகளை, பனியில் ஜெயித்தது இந்த ஜாதி. அதற்குள் லான்சியா சுதந்திரக் கம்பெனியாக இல்லை. 1969இல் ஃபியட் வாங்கிவிட்டது.

1969 என்பது டூரினில் இன்னொன்றும் நடந்த வருஷம். தெற்கிலிருந்து, பூலியாவிலிருந்தும் கலாப்ரியாவிலிருந்தும் ரயிலேறி வந்து தொழிற்சாலைகளில் நின்றவர்கள் வேலையை நிறுத்திய ‘சூடான இலையுதிர்காலம்’. இந்த அழகான கார்களைப் பற்றிய தடித்த புத்தகங்களில் வடிவமைத்தவர் பெயர் உண்டு, ஓட்டி ஜெயித்தவர் பெயர் உண்டு. கதவைப் பொருத்தியவன் இல்லை. என் காரின் முந்தைய சொந்தக்காரர் அப்படிக் கதவு பொருத்தியவர். பூலியாக்காரர். புதிதாக இருந்தபோது வாங்க முடியாத காரை, எட்டு வருஷம் கழித்து, நான்காவது கைக்கு வந்தபோது வாங்கியிருக்கிறார். அவர் இறந்த பிறகு அவர் மனைவியிடமிருந்து நான் வாங்கினேன். சாவியோடு ஒரு கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார் அந்த அம்மாள். தேதி, கிலோமீட்டர், எத்தனை லிட்டர் பெட்ரோல். முப்பத்து நான்கு வருஷம் இதே மூன்று பத்திகள்தான். வேறு ஒரு சொல் கிடையாது.

காரின் இடது முன் மட்கார்டு மற்ற பாகங்களின் நீலத்தில் இல்லை. எங்கோ இடித்துக்கொண்டதை அவரே சுத்தியால் நிமிர்த்தி, பட்டி பார்த்து, பிரஷ்ஷால் அடித்திருக்கிறார். சாய்ந்த வெயிலில் பிரஷ் போன திசை தெரியும். விளிம்புக்கு அருகே கை ஒரு முறை தயங்கியிருக்கிறது.

இந்த வசந்தத்தில் ஒரு பழங்கார்ச் சங்கத்தின் பரிசோதகர் வந்து பார்த்தார். மரியாதையான மனிதர். என்ஜின் எண் பொருந்துகிறது, உள் இருக்கைகள் அசல். அந்த மட்கார்டை மட்டும் வெறும் தகடுவரை உரித்து, 1971இன் நிறப்பட்டியலிலுள்ள நீலத்தை அடித்துவிட்டால் உயர்ந்த தரச் சான்றிதழ் கிடைக்கும் என்றார். பிறகு பிரெஷியாவில் ஒருவர் வாங்கத் தயாராக இருக்கிறார் என்றும் தகவல் வந்தது, சான்றிதழோடு. அவர் சொன்ன தொகை என் மகளின் இரண்டு வருஷப் படிப்புச் செலவு. இதை மறைத்துவிட்டு அழகியல் பேசுவது அயோக்கியத்தனம்.

பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் டூரினில் ஒரு சாசனம் இயற்றியது. கட்டடங்களுக்கான 1964இன் வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றியது. ஒரு வாகனத்தின் வாழ்நாளில் அதன்மேல் படிந்த மாற்றங்களும் அதன் சரித்திரமே என்பது அதன் சாரம். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இது புதிதல்ல. பிற்காலத்துக் கை எழுதிச் சேர்த்த வரியை நல்ல பதிப்பாசிரியன் அழித்துவிடுவதில்லை. பாடபேதம் என்று அடியில் குறிப்பான். தகட்டில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. ஒன்று பூலியாக்காரரின் நீலம் இருக்கும், அல்லது தொழிற்சாலையின் நீலம் இருக்கும்.

என் மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். “நீங்க காரைக் காப்பாத்தலை. யாரோ ஒரு மனுஷரோட கையெழுத்தைக் காப்பாத்துறீங்க. அதுக்கு அந்த மட்கார்டைக் கழட்டிச் சுவத்துல மாட்டினாப் போதுமே?” என்றாள். பதில் சொல்ல முடியாத கேள்வி, ஏனென்றால் அதற்கும் இப்போது சந்தை உண்டு. தொடப்படாத பழமை, உரிந்த பெயிண்ட், கிழிந்த இருக்கை இவற்றுக்கும் பட்டினா என்று பெயர் வைத்து விலை போடத் தொடங்கிவிட்டார்கள். வடுக்களைப் பாதுகாக்கிறேன் என்பவனும் சேகரிப்பவன்தான். சுவரில் மாட்டினால் நான் பிரெஷியாக்காரருக்கு எந்த விதத்திலும் மேல் அல்ல.

ஓட்டுவதில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை என்று தோன்றுகிறது. பினேரோலோ வழியாக கிஸோனே பள்ளத்தாக்கில் ஏறி, 2035 மீட்டரில் செஸ்த்ரியேரே கணவாய்வரை போகும் பாதையில், மூன்றாம் கியரில், அந்தக் கோணல் என்ஜின் பாடும்போது கார் என்னுடையது என்ற நினைப்பு இருப்பதில்லை. ஸ்டீயரிங் கனக்கும், மூக்கு பாரமாக வளைவுக்கு வெளியே இழுக்கும், முன்கூட்டியே யோசித்தால்தான் திரும்பும். அதை ஓட்டும் முறை அதிலேயே எழுதியிருக்கிறது. எனக்கு முன் ஓட்டியவரும் அதையே படித்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. பதிப்பிப்பதற்கும் வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசம்போல.

இப்படி முடிவு செய்தேன். என்ஜினைத் தாங்கும் துணைச்சட்டம் உடலோடு சேரும் இடங்களில் ஐம்பது குளிர்காலங்களின் சாலையுப்பு தகட்டைத் தின்றிருக்கிறது. அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லியிருக்கிறேன். அது இல்லாமல் ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. மட்கார்டு அப்படியே இருக்கும். சான்றிதழ் வேண்டாம். மகளின் செலவுக்கு வாரத்தில் இரண்டு இரவுகள் கூடுதலாக மொழிபெயர்ப்பு வேலை எடுத்திருக்கிறேன். இதில் தியாகம் எதுவும் இல்லை. எனக்குப் பிடித்த ஒன்றுக்கு விலை கொடுக்கிறேன், அவ்வளவுதான். மகளும் அப்படித்தான் சொல்கிறாள், சற்றுக் கோபமாக.

நோட்டுப் புத்தகத்தில் இன்னும் நாற்பது பக்கம்போல் மீதி இருக்கிறது. அவர் விட்ட வரிக்குக் கீழேயே தொடர்ந்து எழுதி வருகிறேன்: தேதி, கிலோமீட்டர், லிட்டர். எங்கே போனார், யாரோடு போனார் என்று அவர் எழுதவில்லை. நானும் எழுதுவதில்லை.