2047-க்கு ஒரு மன்னிப்பு



போன வாரம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். ஒரே கூட்டம். தலை நரைத்த ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "சார், 2047 ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

1987, திண்டிவனம், ஒன்பதாம் வகுப்பு. "2-க்கு அடுக்காக ஏதாவது ஒரு பகா எண்ணைப் போடுங்கள். வந்ததில் 1 கழியுங்கள். எப்போதும் பகா எண்தான் வரும்" என்றேன். அடுக்கு 2, 3, 5, 7 போட்டுக் காட்டினேன். 3, 7, 31, 127 வந்தன. எல்லாமே பகா எண்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். "சார், 11 போட்டா 2047 வருது. அது 23 பெருக்கல் 89."

நான் சரிபார்க்கவே இல்லை. "அதிகப்பிரசங்கி, உட்காருடா" என்றேன்.

ராத்திரி வீட்டில் பெருக்கிப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. மறுநாள் அதைப் பற்றி வாயே திறக்காமல் வடிவியல் நடத்தினேன்.

அந்தப் பையன்தான் இவர். "எப்படிப்பா கண்டுபிடிச்ச?" என்றேன். "ஒவ்வொரு எண்ணா வகுத்துப் பார்த்தேன் சார். 23-ல மாட்டிச்சு." பிறகுதான் நான் படித்தேன்: அடுக்கு 11 என்றால், வகுக்கும் பகா எண் 22-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். 23 என்பது 22 + 1. 89 என்பது 88 + 1.

செல்போனில் 2024 அக்டோபரில் அறிவித்த பகா எண்ணைக் காட்டினார். 2-இன் அடுக்கு 13,62,79,841, அதில் 1 குறைவு. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள்! "கடைசி இலக்கம் சொல்லுங்க சார்" என்றார். வாத்தியார் புத்தி விடுமா? 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று சுற்றிச் சுற்றி முடியும். அந்த அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்போது முடிவது 2-இல். 1 கழித்தால் 1. சரியாகச் சொன்னேன். இந்த வகையில் இதுவரை கிடைத்தவை 52 தான். நான் வகுப்பில் சொன்னது உண்மையானால் யாரும் தேடவே வேண்டாமே!

விழுப்புரத்தில் இறங்கும்போது சொன்னார்: "மறுநாள் நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தேன் சார்."

நம் பக்கத்துத் திருக்கோவிலூருக்குத்தான் 1910-இல் ராமானுஜன் வந்தார், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரைப் பார்க்க. அப்பேர்ப்பட்டவர் 1913-இல் ஹார்டிக்கு எழுதியபோது, பகா எண்களின் எண்ணிக்கை பற்றிச் சொன்னதில் பிழை இருந்தது. ஹார்டி அதைச் சுட்டிக்காட்டினார். அதனால் ராமானுஜனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. எனக்கு மட்டும் என்ன குறைந்திருக்கும்?

தம்பி, நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. என்னை மன்னித்துவிடு.

அந்த வகுப்பில் நோட்டில் எழுதிக்கொண்ட மற்றவர்களும் அந்த வரியை அடித்துவிடுங்கள்.