ரெண்டு நிமிஷத்துக்கு அப்புறம் யாரு?

ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவனுக்கு எல்லா வைத்தியமும் தெரியும்னு ஊருக்குள்ள ஒரு நம்பிக்கை உண்டு. நான் வெறும் லேப் டெக்னீஷியன். ஆனா தெருவுல யாராவது மயங்கி விழுந்தா முதல்ல தட்டுறது எங்க வீட்டுக் கதவைத்தான் :-)

அதனாலயே எங்க ஆஸ்பத்திரியில அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி வெச்சப்போ முதல் ஆளா போய் உட்கார்ந்தேன். நர்சிங் மாணவிகள், வார்டு உதவியாளர்கள், நாங்கன்னு ஒரு இருபது பேர். தரையில ஒரு பொம்மை. 1960-ல இந்த மாதிரி பயிற்சி பொம்மையைக் கொண்டுவந்தவர் ஆஸ்மண்ட் லேர்டால்னு ஒரு நார்வேக்காரர். விளையாட்டு பொம்மை செஞ்சுக்கிட்டிருந்தவராம்!

பாடம் சின்னதுதான். தட்டிக் கூப்பிடணும். அசைவு இல்லை, மூச்சும் சரியா இல்லைன்னா உடனே ஆள் கூப்பிட்டுட்டு நடுநெஞ்சை அமுக்கணும். பெரியவங்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. 30 அமுக்குக்கு 2 ஊது.

ஆக்சிஜன் சிலிண்டரை அசால்ட்டா உருட்டுற எங்க வார்டு அண்ணன் முதல்ல இறங்கினார். ஆழம் சரியா இருந்தா பொம்மையில பச்சை விளக்கு எரியும். ஒரு நிமிஷம் ஜோரா எரிஞ்சுது. அப்புறம் விட்டு விட்டு எரிஞ்சு, அணைஞ்சே போச்சு. "நான் அதே மாதிரிதாங்க அமுக்குறேன்"ங்கிறார், வேர்த்து விறுவிறுத்து. பொய் இல்லைங்க. கை தளர்றது அமுக்குறவருக்கே தெரியாது. ஒல்லியா ஒரு மாணவி, முழங்கை மடங்காம உடம்பு பாரத்தை இறக்கி இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிச்சுது. அவ்வளவுதான். அதனாலதான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை ஆளை மாத்தணும்னு விதியே வெச்சிருக்காங்க.

அப்போ ஒருத்தருக்குத் தெரிஞ்சா பத்தாது இல்லையா? ராத்திரி ரெண்டு மணிக்கு வராந்தாவுல ஒருத்தர் விழுந்தா பக்கத்துல இருக்கப்போறது வாட்ச்மேனும் லிஃப்ட் ஆபரேட்டரும்தான். அவங்களை வகுப்புக்குக் கூப்பிடவே இல்லை. கேட்டா, "அடுத்த தடவை பார்க்கலாம்". கத்துக்கிட்ட எங்களுக்கும் சில மாசத்துலயே கை மறந்துடும். சர்டிஃபிகேட் மட்டும் ரெண்டு வருஷம் செல்லும்!

மக்களே, ஊதத் தயக்கமா இருந்தா பெரியவங்களுக்கு நெஞ்சை அமுக்குறது மட்டுமாவது செய்யலாம். 108 வர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது, அவ்வளவுதான். நீங்க கத்துக்கப் போறப்போ வீட்ல இன்னொருத்தரையும் இழுத்துட்டுப் போங்க.

உங்க வீட்ல அந்த ரெண்டாவது ஆள் யாரு?