குறை கண்டுபிடிக்கும் கூலி

பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிக்கடி போய்வரும் நண்பர் ஒருவரின் காரில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வேகத்தை ஒரே சீராக வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் நின்றுபோனது. ஷோரூமில் எதையும் கழற்றிப் பார்க்காமலே, ஸ்டியரிங் சுவிட்சுகள் மொத்தத்தையும் அவற்றின் பின்னாலிருக்கும் ஸ்பைரல் கேபிளையும் மாற்ற எஸ்டிமேட் எழுதிவிட்டார்கள். வெம்பாக்கத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார், வந்து பாருங்கள் என்று நண்பர் என்னைக் கூட்டிப்போனார்.

அவர் பட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்குப் பின் தறிக்குழியில் இறங்காமல் லாரி ஒயரிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். காரைத் தொடுவதற்கு முன் கேள்விகள்தான் கேட்டார்.

"மெயின் பட்டனை அமுக்குனா மீட்டர்ல லைட் வருதா சார்?"

"வருதுண்ணே. செட் பட்டன்தான் பிடிக்க மாட்டேங்குது."

"அப்ப கேபிள் நல்லாதான் இருக்கு."

இந்தக் காரில் க்ரூஸ் பட்டன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒயர்தான். ஒவ்வொரு பட்டனும் வெவ்வேறு ரெசிஸ்டன்ஸ் காட்டும். எந்தப் பட்டனை அமுக்கினோம் என்பதை அதை வைத்தே கார் தெரிந்துகொள்கிறது. ஒரு பட்டனின் சேதி போய்ச் சேர்ந்தால் பாதை அறுபடவில்லை என்று அர்த்தம். ஷோரூம் எழுதிய பெரிய செலவு அந்த ஒரு கேள்வியிலேயே கழிந்துவிட்டது.

பிறகு நண்பரை பிரேக் மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய் விளக்கைப் பார்த்தார். பிரேக் பெடல் சுவிட்ச் கெட்டிருந்தாலும் க்ரூஸ் பிடிக்காது. பலர் அதைப் பார்க்காமலே ஸ்டியரிங்கைப் பிரிக்கிறார்களாம். ஸ்கேனரில் அவர் ஓட்டிய பக்கங்கள் எனக்குப் பிடிபடவில்லை.

மல்டிமீட்டரைக் கையிலெடுத்ததும் ஆளே மாறிவிட்டார். பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கில் இருக்கும் ஏர்பேக்கின் சர்க்யூட்டில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். "மஞ்சள் கனெக்டர்ல மீட்டர் முள்ளை வைக்கவே கூடாது சார். மீட்டர் விடுற கொஞ்சம் கரண்ட்டுக்கே பை வெடிச்சாலும் வெடிச்சிடும்" என்றார். ஏர்பேக்கை எடுத்து, அதன் முகம் மேலே பார்க்கும்படி தள்ளி வைத்தார். சுவிட்சைக் கழற்றி அதன் முனைகளில் முள் வைத்தார். ரிஸ்யூம் பட்டனை அமுக்கினால் எண் ஆடாமல் நின்றது. செட் பட்டனில் எண் தாவியது. மெல்ல அமுக்கி, அழுத்தி அமுக்கி, ஓரத்தில் அமுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வேறு எண். உள்ளே, ரப்பர் பட்டனின் கருப்புக் கார்பன் தொடும் இடத்தில் பிசுக்கு படிந்திருந்தது. கான்டாக்ட் க்ளீனர் தெளித்துத் துடைத்ததும் எண் நிலைத்தது.

க்ரூஸ் கன்ட்ரோலுக்கு 1950இல் காப்புரிமை பெற்ற ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதில் பார்வை இழந்த அமெரிக்கப் பொறியாளர். 1958இல் கிரைஸ்லர் கார்களில் அது வந்தது. காரோட்ட முடியாத ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து வேகத்தின் ஏற்ற இறக்கத்தை உடம்பால் உணர்ந்து செய்த பொருள் அது. விரல் அழுத்தத்தை மாற்றி மாற்றிக் குறையைத் தேடிய இவரைப் பார்த்தபோது டீட்டரை நினைத்துக்கொண்டேன்.

எலக்ட்ரீஷியன் 500 ரூபாய் கேட்டார். "துடைச்சதுக்கு ஐநூறா?" என்று பக்கத்தில் நின்றிருந்த வேறொரு வண்டிக்காரர் அங்கலாய்த்தார். எனக்குக் கோபம் வந்தது. பார்ட்ஸ் மாற்றினால் விற்பவருக்கு லாபம், எழுதிக் கொடுத்தவருக்குக் கமிஷன். பார்ட்ஸே வேண்டாம் என்று கண்டுபிடித்தவனுக்கு மட்டும் கூலி கிடையாதா? இவர் அப்பாவுக்கும் இதுதான் நடந்தது. கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான். அறுந்த இழையைத் தேடிப் பிணைத்த நேரத்தை எந்த முதலாளியும் கணக்கில் எழுதியதில்லை. கூலி மட்டுமல்ல, கருவியும் சிக்கல்தான். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிக்கடைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. இவரைப் போன்றவர்கள் இன்றும் சொந்தக் காசில் வாங்கிய ஸ்கேனரோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

உங்கள் வண்டியில் இப்படி ஏதாவது நின்றுபோனால், மாற்றச் சொல்கிறவரிடம் எதை அளந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். எதுவும் மாற்ற வேண்டாம் என்று சொல்கிறவரிடம் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.