சும்மா செஞ்சது

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே, வட்டமாக ஒரு சுவர் அலங்காரம் தொங்குகிறது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, கூம்பு கூம்பாகச் சுருட்டி, அட்டையில் மூன்று அடுக்காக ஒட்டியது. தள்ளி நின்று பார்த்தால் டேலியா பூ மாதிரி இருக்கும். 2020 ஊரடங்கில், கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்து நான் செய்தது.

போன வருஷம் வீட்டுக்கு வந்த நண்பர், அவரும் கவிஞர்தான், அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கே, யாரு பண்ணுனது?" என்றார்.

"நான்தான். சும்மா, பொழுது போகாம செஞ்சது" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு என் புதிய தொகுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் போன பிறகு காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் 'சும்மா' உறுத்தியது. என் கவிதையைப் பற்றி யார் கேட்டாலும் சும்மா எழுதியது என்று நான் சொன்னதில்லை. அதைவிட, நான் சொன்னது பொய். ஊரடங்கில் எனக்குப் பொழுது போகாமல் இல்லை. காலையில் இணையவழி வகுப்பு, மூன்று வேளைச் சமையல், மாமியாருக்கு நேரத்துக்கு மாத்திரை, எல்லாரும் வீட்டிலேயே இருந்ததால் இரண்டு மடங்கு பாத்திரம். இரவு பத்து மணிக்கு மேல், வீடு அடங்கிய பிறகு, தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். பொழுது போகாமல் செய்ததில்லை அது. பொழுதைத் திருடிச் செய்தது.

வீடியோ நாலு நிமிஷம். எனக்கு மூன்று இரவு ஆனது. சுருட்டிய தாளில் ஃபெவிகால் தடவிவிட்டு விரலை எடுத்தால் உடனே விரிந்துகொள்ளும். துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி வைக்க வேண்டும் என்பது இரண்டாம் நாள்தான் பிடிபட்டது. வீடியோவில் அந்த இடம் வரும்போது கைகள் வேகமாக ஓடும், பாட்டு ஒலிக்கும், அடுத்த நொடி பூ தயார். பசை காய்கிற நேரம் அதில் இல்லை. எங்கள் வேலைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் வழக்கம். சாப்பிடுகிறவர் கண்ணுக்கு இட்லி தெரியும். அரிசி ஊறிய நேரமும் மாவு புளித்த இரவும் தெரியாது.

பத்திரிகைகளை வெட்டும்போது பெயர்களைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. என் அப்பா காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் கம்போசிடர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படிக்கக் கற்றுத் தந்தவர். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். பாட்டன், அப்பன், சித்தப்பன், மாமன், எல்லாருக்கும் முன்னால் இரண்டு மூன்று தலைப்பெழுத்துகள். நகரத்தார் குடும்பங்களில் அந்தத் தலைப்பெழுத்துக் கோவைக்கு 'விலாசம்' என்று பெயர். விலாசம் என்றால் மற்றவர்களுக்கு முகவரி. அவர்களுக்கு முன்னோர்களான ஆண்களின் பெயர்களிலிருந்து எடுத்த முதலெழுத்துகள். பித்தளை அண்டாவிலும் எவர்சில்வர் தூக்கிலும் அந்த விலாசத்தைப் புள்ளி புள்ளியாக வெட்டி வைத்திருப்பார்கள்.

நான் வளர்ந்தது கோட்டையூரில், அப்படி ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில், வாடகைக்கு. முகப்புத் தூண்கள் பர்மாத் தேக்கு. வட்டித் தொழிலுக்காகப் பர்மா, மலேயா, இலங்கை என்று போன ஆண்கள் ஆண்டுக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகள் எழுந்தன. வீட்டுக்கு வருகிறவர்களிடம், எந்தத் தூண் எங்கிருந்து வந்தது, எந்தக் கண்ணாடியை யார் கொண்டுவந்தார் என்று கதை சொல்வார்கள். அந்த ஆண்டுகளில் வீட்டுக்குள் இருந்த பெண்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கதை இல்லை. பொருள் மட்டும் இருக்கிறது. கொட்டான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டான் என்பது பனங்குருத்தோலையில் பின்னும் சிறு பெட்டி. ஓலையைக் காயவைத்து, ஒரே அகலத்தில் நார் நாராகக் கிழித்து, சாயத்தில் கொதிக்கவிட்டு, பின்னும்போது ஈரம் காட்டிக் காட்டிப் பின்ன வேண்டும். காய்ந்த ஓலை ஒடிந்துவிடும். கல்யாணம், சாந்தி எந்த விசேஷமானாலும் வெற்றிலை பாக்கும் பலகாரமும் இதில்தான் போகும். அதற்கு மேலே குரோஷாவிலும் மணியிலும் உறை போடுவது தனி வேலை.

எங்கள் வீட்டுக்கார ஆச்சியின் கை அந்த உறை வேலையில் பேர் போனது. ஓலைப் பின்னல் அம்மாவுடையது. ஆச்சி உள்கட்டில் உட்கார்ந்து மணி கோப்பார். அம்மா பின்கட்டில் உட்கார்ந்து ஓலை பின்னுவாள். வேற்றூர் விசேஷத்தில் புதுப் பின்னல் ஒன்றைப் பார்த்துவிட்டால் ஆச்சி, "மாதிரிக்கு ஒண்ணு குடுங்க, ரெண்டு நாள்ல அனுப்பிடுறேன்" என்று கேட்டு வாங்கி வந்துவிடுவார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எண்ணி, அவிழ்க்காமலே பின்னலைப் பிடித்துவிடுவாள். பிறகு எங்கள் கொட்டானை மாதிரி கேட்டு யாராவது வருவார்கள். கைபேசி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, கண்டனூருக்கும் பள்ளத்தூருக்கும் தேவகோட்டைக்கும் இடையே பெண்களின் கைவேலை இப்படித்தான் பயணம் செய்தது. முதலில் யோசித்தவள் யார் என்று யாரும் கேட்டதில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளின் கதவும் தூணும் பாத்திரமும் அங்கே வந்து சேரும். ஒரு கடையில் மணி உறை போட்ட பழைய கொட்டான் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பித்தளைச் சட்டியின் விலாசத்தைப் படித்து, எந்த ஊர், எந்த வீடு என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். கொட்டான் யாருடையது என்று கேட்டேன். "அது சும்மா, பொம்பளைங்க செஞ்சதுங்க" என்றார். நான் சொன்ன அதே சொல்.

இந்தச் சொல்லுக்கு ஒரு விலை உண்டு. கொட்டான் வேலை குறைந்த காலத்தில் அம்மா வயர் கூடை பின்னினாள். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடையிலிருந்து வயர்க் கட்டு வரும். கூடை திரும்பிப் போகும். எண்ணிக் கூலி தருவார்கள். என் பத்தாம் வகுப்புத் தேர்வுக் கட்டணம் அந்தக் கூலிதான். ஆனால் பள்ளிப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் அப்பா எழுதியது 'இல்லை'. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே வீட்டு வேலை மட்டும் செய்கிறவர்களை உழைக்காதவர்களின் வரிசையில்தானே வைக்கிறது.

பின்னாளில் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூலைப் படித்தபோது அம்மாவை மறுபடி பார்த்தேன். ஆந்திராவின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றியது. அவர்கள் பின்னிய லேஸ் கடல் கடந்து விற்றது. ஏற்றுமதி வியாபாரிகள் செழித்தார்கள். பின்னியவர்களோ வேலைக்காரிகளாகக் கணக்கில் வரவில்லை. ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிற வீட்டுப் பெண்கள் என்றே சொல்லப்பட்டார்கள். ஓய்வு நேரம் என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைக்கலாம். 'சும்மா' என்பது அடக்கமான சொல் மட்டுமில்லை. கூலிக் கணக்கின் சொல்லும்கூட.

கொட்டானுக்கு நல்ல காலமும் வந்தது. 2000இல் விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை, மறைந்துகொண்டிருந்த இந்தப் பின்னலைக் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து மீட்டது. 2004இல் யுனெஸ்கோவின் தரச் சான்று கிடைத்தது. பிறகு செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பின்னுகிறவர் கைக்குக் கூலி போகிறது. அது சிறிய விஷயமில்லை. ஆனாலும் குறியீடு காப்பது ஊரின் பெயரை. பின்னியவளின் பெயருக்கு இன்னும் இடம் பார்க்க வேண்டியிருக்கிறது.

வகுப்பில் நன்னூல் பாயிரம் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு தடுமாற்றம் வரும். நூல் செய்வதைப் பவணந்தி முனிவர் பஞ்சு நூற்பதோடு ஒப்பிடுகிறார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, வாய் கை, அறிவு கதிர். புலவன் யார்? நூற்கிற பெண். தமிழில் புத்தகத்துக்கும் இழைக்கும் 'நூல்' என்று ஒரே சொல் இருப்பதன் அழகை விளக்கிவிட்டு நான் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். ஒரு வருஷம் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அம்மா, புலவருக்குப் பேர் இருக்கு. நூல் நூத்தவ உவமையா மட்டும்தானே வர்றா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி என்றேன். பதில் சொல்லவில்லை.

அவளைத்தான் ஊரடங்கின்போது மறுபடி பார்த்தேன். பார்த்தேன் என்றால், கையை. வீட்டில் அலங்காரப் பொருள் செய்து காட்டுகிற வீடியோக்களில் பலவற்றில் முகம் இருக்காது. இரண்டு கைகள், கண்ணாடி வளையல், பின்னணியில் குக்கர் விசில். ஐஸ் குச்சியில் விளக்குக் கூண்டு செய்துகொண்டிருந்த ஒரு வலது கையில், சுண்டுவிரலுக்குக் கீழே பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. நான்கு வருஷம் விடைத்தாள் வாங்கிய கை. எனக்குத் தெரியாதா?

போன் செய்தேன். முதுகலை முடித்ததும் கல்யாணம். ஆய்வுக்குப் பதிவு செய்யவில்லை. "கை மட்டும்னா சரின்னாங்கம்மா அவங்க. மூஞ்சி வேணாம்னுட்டாங்க." கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு அவளே சொன்னாள்: "எழுத உக்காந்தா, என்ன எழுதுறே, யாருக்கு எழுதுறேன்னு ஆயிரம் கேள்வி வரும்மா. இதுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சும்மாதான் பண்றேன்னு சொல்லி வச்சிருக்கேன். சும்மான்னு சொன்னாத்தான் விடுவாங்க."

இதற்குமுன் எனக்கு அது தோன்றவில்லை. 'சும்மா' என்பது வெட்கத்தில் சொல்வது, விடுபட வேண்டிய சொல் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு அது கதவுத் தாழ்ப்பாள். அதைப் போட்டுக்கொண்டு உள்ளே அவள் தனக்கு வேண்டியதைச் செய்கிறாள். என் அம்மாவும் ஆச்சியும்கூட அப்படித்தான் செய்தார்களோ? வேலை செய்கிறேன் என்று சொன்னால் தடுப்பார்கள். ஆசையாய் இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். சும்மா என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். அந்தத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து நான் உடைக்க முடியாது. உடைத்தால் அவளுக்கு அந்த அறையும் போய்விடும்.

ஆனால் எனக்கு? நான் சம்பளம் வாங்குகிறவள். என் பெயருக்குப் பின்னால் முனைவர் பட்டம் இருக்கிறது. முகத்தைக் காட்டிக் கவிதை வாசிக்கிறேன், யாரிடமும் கேட்காமல். நான் எதற்கு அந்தத் தாழ்ப்பாளைப் போட்டேன்? யோசித்தால் பதில் நன்றாக இல்லை. கவிதை என்பது படித்தவள் செய்வது. காகிதப் பூ என்பது படிக்காத அம்மா செய்வது என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. கவிஞர் ஒருவர் முன்னால் என் கை அம்மாவின் கையாகத் தெரிந்துவிடக் கூடாது என்று பதறியிருக்கிறேன். பவணந்தியைக் கேள்வி கேட்ட மாணவிக்கு நான் பதில் சொல்லாததும் அதனால்தான் போலிருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதும் கோட்டையூருக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. ஆனாலும் விரல் முடிச்சை மறக்கவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு, "உன் பேரைப் போடுறேம்மா" என்றேன்.

"ஏத்தா, பொஸ்தகத்துல எம் பேரு எதுக்கு? யார் யாரோ படிப்பாக."

"பின்னே எங்க போடுறது?"

கொஞ்சம் யோசித்தாள். பரணில் கவிழ்த்து வைத்திருந்த பச்சை வெள்ளைச் சிவன் கண் கூடையை எடுக்கச் சொன்னாள். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, கடைக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கென்று அவள் பின்னிய ஒரே கூடை. "இதுல எழுது. இதுதான் நான் பண்ணுனது."

அடிப்பக்கம் வெள்ளை வயரில், அழியாத மையால் எழுதினேன். எழுத்துக் கூட்டித்தான் அவளுக்குப் படிக்க வரும். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "இனிசியல் போடலையா?" என்று கேட்டாள். "வேணுமா?" என்றேன். "வேணாம். இடம் பத்தாது" என்று சிரித்தாள். ஆகவே அவள் பெயர் கூடையில் இருக்கிறது. இங்கே இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். சுவரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கிவிட்டு, "நான் செஞ்சதுக்கா. மூணு ராத்திரி ஆச்சு" என்றேன்.

"மூணு ராத்திரியா? அப்ப கஷ்டம்தான்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "மாதிரிக்குக் குடுக்குறியா?" என்று கேட்டார்.

கழற்றிக் கொடுத்தேன்.